சனிக்கிழமை இரவுப் பந்தயக் குழுவில் புதிதாகச் சேர்பவருக்கு

அமெரிக்காவில் வட கரோலினா, தென் கரோலினா பக்கம் படிக்க வருகிற பிள்ளைகளில் யாராவது ஒருவர் எப்படியோ தெரிந்துகொண்டு கேட்டுவிடுகிறார்: "அண்ணா, நீங்க படிக்கிறப்ப ரேஸ் கார் டீம்ல இருந்தீங்களாமே? நாங்களும் சேர முடியுமா?" முடியும். நீங்கள் நினைப்பதைவிட எளிது. ஆனால் நீங்கள் மனதில் வைத்திருக்கிற வேலை கிடைக்காது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

எந்தப் பந்தயம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். டிவியில் வருகிற, நாஸ்கார் என்கிற அமெரிக்கக் கார் பந்தய அமைப்பின் கோப்பைப் பந்தயத்தில் கண்ணிமைப்பதற்குள் சக்கரம் மாற்றுகிறவர்கள் சம்பளம் வாங்கும் விளையாட்டு வீரர்கள். கல்லூரியில் அமெரிக்க ஃபுட்பால் ஆடியவர்களைத் தேடிப் பிடித்துப் பயிற்சி கொடுத்து வைத்திருக்கிறார்கள். அங்கே நமக்கு இடமில்லை. நான் சொல்வது ஊர்ப்புறத்து ஓவல் பாதைகளை. சர்க்கிள் டிராக் என்பார்கள். சுற்று பெரும்பாலும் கால் மைலிலிருந்து அரை மைலுக்குள் இருக்கும், கார் எப்போதும் இடப்பக்கமே திரும்பும். வசந்தம் தொடங்கி இலையுதிர் காலம் வரை வெள்ளி அல்லது சனி இரவுகளில் பந்தயம். வட கரோலினாவின் வின்ஸ்டன்-சேலம் நகரில் போமன் கிரே ஸ்டேடியம் இருக்கிறது: ஃபுட்பால் மைதானத்தைச் சுற்றிக் கால் மைல் தார்ப்பாதை, 1949 முதல் நாஸ்கார் வாரப் பந்தயம் நடக்கும் இடம். ஹிக்கரி ஸ்பீட்வே 1951-இல் தொடங்கியது. இந்த இரண்டும் தார். மண் பாதை பார்க்க வேண்டுமென்றால் காஸ்டோனியாவில் கரோலினா ஸ்பீட்வே, மாநில எல்லையைத் தாண்டினால் காஃப்னியில் செரோக்கி ஸ்பீட்வே. நான் இருந்தது மண் பாதைக் குழுவில். கார் வகுப்பின் பெயர் டர்ட் லேட் மாடல். கடைகளில் விற்கிற எந்தக் காரோடும் இதற்குச் சம்பந்தமில்லை: குழாய்களால் பற்றவைத்த சட்டம், மேலே மெல்லிய அலுமினியத் தகடு, உள்ளே ஒரு வி8 இன்ஜின், ஒரே ஒரு இருக்கை.

குழு என்றால் ஏதோ நிறுவனம் என்று நினைக்காதீர்கள். ஏ.சி. பழுதுபார்க்கும் தொழில் செய்கிற ஒருவர்தான் எங்கள் காருக்குச் சொந்தக்காரர். அவர் மகன் ஓட்டினான். மருமகனும், ஓய்வுபெற்ற பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரும் உதவிக்கு. அப்புறம் நான். வீட்டுக்குப் பின்னாலிருந்த கொட்டகைதான் பட்டறை. சம்பளம் கிடையாது, ராத்திரி ஹாட் டாக் உண்டு. அமெரிக்காவில் வார இறுதியில் ஓடுகிற பந்தயக் கார்களில் பெரும்பாலானவை இப்படித்தான் ஓடுகின்றன.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இன்ஜினைத் தொடுவோம் என்ற ஆசையில் வராதீர்கள். பல வகுப்புகளில் இன்ஜின் தொழிற்சாலையிலிருந்தே முத்திரையிட்ட போல்ட்டுகளோடு வருகிறது. ஜெனரல் மோட்டார்ஸின் 602 ரகம் 350 குதிரைத்திறன், 604 ரகம் 400. அதைப் பிரித்தால் தகுதி நீக்கம். எல்லோரிடமும் ஒரே இன்ஜின் இருக்கும்போது, வேகம் நான்கு டயர்களும் மண்ணைத் தொடுகிற இடத்தில்தான் பிறக்கிறது. புதியவனுக்குக் கொடுக்கிற வேலையும் அங்கேதான். டயரை ஒரே மாதிரி அளந்து, அளந்ததை ஒழுங்காக எழுதிவைக்கிற ஆள் கிடைத்துவிட்டால் குழு அவனை விடாது.

சேர்வது

முதலில் டிக்கெட் வாங்கிப் பார்வையாளர் பக்கம் உட்கார்ந்து ஒரு முழு இரவையும் பாருங்கள். காதடைப்பான் கட்டாயம், மண் பாதையானால் கண்ணாடியும் வேண்டும். மூன்றாம் திருப்பத்துக்கு அருகே உட்கார்ந்தால் சோடாவில் மண் விழும். பல பாதைகளில் கடைசிப் பந்தயம் முடிந்ததும் பார்வையாளர்களை, கார்களும் குழுக்களும் நிற்கிற பிட் பகுதிக்குள் விடுவார்கள். அப்போது நடந்து பாருங்கள். பெரிய லாரியும் ஒரே சீருடையில் ஏழெட்டுப் பேரும் இருக்கிற குழுவிடம் போக வேண்டாம். இரண்டு பேர் மட்டும் முழி பிதுங்க வேலை பார்த்துக்கொண்டிருக்கிற குழுவைத் தேடுங்கள். நடுராத்திரியில் அவர்கள் களைத்திருப்பார்கள், நீளமாகப் பேசக் கூடாது. "வாரநாளில் எப்போது வேலை பார்ப்பீர்கள்? கார் கழுவ வரலாமா?" இதற்கு மேல் எதுவும் வேண்டியதில்லை. மண் கழுவ வருகிறேன் என்று ஒருவன் தானாகச் சொன்னால் வேண்டாம் என்று சொல்கிற ஆளை நான் பார்த்ததில்லை.

மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பரிசுப் பணத்தில் பங்கு, கைச்செலவுக்கு இருபது டாலர் என்று எதைக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அனுமதி இல்லாத வேலை என்று ஆகிவிடும். சேருமுன் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்திலும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பிட்டுக்குள் நுழைய ஒரு தாளில் கையெழுத்து வாங்குவார்கள். அடிபட்டால் பாதைக்காரர்மேல் வழக்குப் போட மாட்டேன் என்பதுதான் அதன் சாரம். படித்துவிட்டுப் போடுங்கள். மருத்துவக் காப்பீட்டு அட்டை பையில் இருக்கட்டும்.

உடையும் உடம்பும்

மூடிய காலணி, பருத்தி முழுக்கால் சட்டை, பருத்திச் சட்டை. நைலான் வேண்டாம், தீப்பட்டால் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பெட்ரோல் ஊற்றும் வேலை கொடுத்தால் தீத்தடுப்பு உடையும் கையுறையும் கேட்டு வாங்குங்கள். உங்கள் குழு ஸ்பிரிண்ட் கார் என்கிற வேறு வகைப் பந்தயக் காரை ஓட்டுகிறது என்றால் எரிபொருள் மெத்தனாலாக இருக்கும். அது எரிவது பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. ஒருவர் காரணமில்லாமல் கையைக் காலை உதறிக் குதித்தால் சிரிக்காமல் தண்ணீர் வாளியைத் தூக்குங்கள்.

ஜாக் தூக்குவதற்கு மட்டும்தான். ஸ்டாண்ட் வைக்காத காரின் அடியில் தலையையோ கையையோ நீட்டக் கூடாது, யார் அவசரப்படுத்தினாலும் சரி. இந்தக் கார்களில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பின் அச்சில், இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியல் வேலை செய்யாது. இரண்டு பின்சக்கரமும் ஒன்றாகப் பூட்டப்பட்டிருக்கும். ஒரு சக்கரம் மட்டும் தரையில் இருக்க, கியர் விழுந்தால் கார் ஸ்டாண்டிலிருந்து பாய்ந்துவிடும். பக்கத்து பிட்டில் அப்படி ஒரு கார் கருவிப்பெட்டியை இழுத்துக்கொண்டு டிரெய்லர்மேல் ஏறியதைப் பார்த்திருக்கிறேன். யாருக்கும் அடிபடவில்லை, ஆனால் அன்றைக்கு அவர்கள் அதற்குமேல் ஓட்டவில்லை. இன்ஜின் ஓடும்போது காருக்கு முன்னாலும் நிற்காதீர்கள், பின்னாலும் நிற்காதீர்கள்.

செவ்வாய்க்கிழமை

பந்தயம் சனிக்கிழமை என்றாலும் வேலை செவ்வாய்க்கிழமையே தொடங்கிவிடும். முதலில் கழுவுவது. கரோலினாவின் செம்மண் காய்ந்துவிட்டால் உளியில்லாமல் வராது. அதனால் பந்தயம் முடிந்த இரவே மேலோட்டமாகச் சுரண்டிவிடுங்கள். அலுமினியத்தில் கோடு விழாதபடி பிளாஸ்டிக் சுரண்டியால் சுரண்ட வேண்டும். மிச்சத்துக்கு பிரஷர் வாஷர் போதும். கார்புரேட்டர் வாய், மின்சுற்றுப் பெட்டி, மூச்சுக்குழாய்கள் இவற்றைப் பையால் மூடிக் கட்டிய பிறகுதான் தண்ணீரைத் திறக்க வேண்டும்.

கழுவும் வேலையை மட்டமாக நினைக்காதீர்கள். காரின் ஒவ்வொரு அங்குலத்தையும் கையால் தொட்டுப் பார்ப்பது கழுவுகிறவன் ஒருவன்தான். வெல்டிங் ஓரத்தில் மயிரிழையாய் ஒரு துருக்கோடு தெரிந்தால் அது விரிசல். ஒரு போல்ட் தலையைச் சுற்றி மட்டும் பெயின்ட் பளபளவென்று தேய்ந்திருந்தால் அது தளர்ந்து ஆடுகிறது. கண்ணில் பட்டதை அப்போதே சொல்லிவிடுங்கள், நோட்டிலும் எழுதுங்கள்.

அப்புறம் போல்ட் சோதனை. முன்னிருந்து பின், இடமிருந்து வலம் என்று ஒரே வரிசையில் காரிலுள்ள ஒவ்வொரு போல்ட்டிலும் ஸ்பேனர் வைத்துப் பார்ப்பது. முறுக்கியதும் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு. யாராவது நடுவில் பேச்சுக் கொடுத்தால் அந்த மூலையை மறுபடி முதலிலிருந்து தொடங்குங்கள். எங்கள் பெரியவர் இதற்காகவே ரேடியோவை அணைத்துவிடுவார்.

ஆயில் மாற்றும்போது பழைய ஃபில்டரைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். அதை வெட்டித் திறக்கத் தனிக் கருவி இருக்கிறது. ஹாக்ஸா வைத்து அறுத்தால் ரம்பத்தூள் உள்ளே விழும், அப்புறம் எது இன்ஜின் தூள், எது ரம்பத்தூள் என்று தெரியாது. மடிப்புத் தாளை வெளியே எடுத்துப் பிழிந்து, வெயிலில் விரித்துப் பாருங்கள். ஒன்றிரண்டு மினுமினுப்பு சாதாரணம். செதில் செதிலாக வெள்ளியோ செம்போ தெரிந்தால் பேரிங் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பின் அச்சு ஆயில் வடிக்கும் திருகில் காந்தம் இருந்தால் அதில் ஒட்டியிருக்கும் பசையையும் விரலில் தேய்த்துப் பாருங்கள். மாவாக இருந்தால் பரவாயில்லை, முள்ளாகக் குத்தினால் சொல்லுங்கள்.

டயர்

இதற்குத்தான் உங்களை வைத்திருக்கிறார்கள், எனவே நிதானமாகப் படியுங்கள். மண் பாதை லேட் மாடல் டயரின் பக்கத்தில் 90/11.0-15 என்பதுபோல் எழுதியிருக்கும். முதல் எண் டயரின் சுற்றளவு, ஏறத்தாழ 90 அங்குலம். அடுத்தது அகலம், கடைசி எண் ரிம்மின் விட்டம். சாலைக் காரின் டயரில் இப்படிச் சுற்றளவை எழுத மாட்டார்கள். இங்கே எழுதக் காரணம், வலது பின் டயரும் இடது பின் டயரும் வேண்டுமென்றே வெவ்வேறு சுற்றளவில் போடப்படுகின்றன. அந்த வித்தியாசத்தை ஸ்டேக்கர் என்பார்கள்.

ஏன்? இடது பக்கம் திரும்பும்போது வலது சக்கரம் வெளிவட்டத்தில் அதிக தூரம் போகிறது. பின் அச்சு பூட்டப்பட்டிருப்பதால் இரண்டும் ஒரே எண்ணிக்கையில்தான் சுற்றும். வலது டயர் பெரிதாக இருந்தால் கார் தானாகவே இடப்பக்கம் வளையும். கணக்கும் போட்டுப் பார்க்கலாம். இரண்டு பின் டயர்களின் நடுவுக்கு நடு 66 அங்குலம், திருப்பத்தின் ஆரம் 200 அடி, அதாவது 2400 அங்குலம். 66-ஐ 2400-ஆல் வகுத்தால் நூற்றுக்கு 2.75. 88 அங்குல டயருக்கு அது 2.4 அங்குலம் வருகிறது. நடைமுறையில் அன்றைய மண்ணைப் பொறுத்து இதைக் கூட்டுவார்கள், குறைப்பார்கள். ஸ்டேக்கர் கூடினால் கார் எளிதாகத் திரும்பும். அளவுக்கு மீறினால் வால் வெளியே போகும், நேர்ப்பாதையில் இடப்பக்கம் இழுக்கும். குறைந்தால் முன்பக்கம் திரும்ப மறுக்கும். கன்னாபோலிஸ் ஊரில் தன் வீட்டுப் பின்புறத்திலேயே கார் கட்டி 1956-இல் நாஸ்கார் ஸ்போர்ட்ஸ்மேன் பட்டம் வென்ற ரால்ஃப் எர்ன்ஹார்ட்தான் இந்த உத்தியை முதலில் கையாண்டவர் என்று இந்தப் பக்கத்துப் பழைய ஆட்கள் அடித்துச் சொல்வார்கள். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற பந்தய வீரர் டேல் எர்ன்ஹார்ட் அவர் மகன்.

அளக்கும் முறை: எல்லா டயரிலும் ஒரே காற்றழுத்தம் வையுங்கள். ஒல்லியான எஃகு டேப்பை டயரின் நட்ட நடுவில் சுற்றுங்கள். டேப் ஒரு பக்கம் சரிந்திருந்தாலும் கால் அங்குலம் பொய் சொல்லும். எண்ணைப் படித்து, சாக்பீஸால் டயரிலேயே எழுதி, நோட்டிலும் எழுதுங்கள். வெயிலில் கிடந்த டயரையும் நிழலில் இருந்த டயரையும் ஒப்பிடக் கூடாது, வெயில் பட்டது வீங்கியிருக்கும். புது டயரைக் காற்றடித்து ஒரு ராத்திரி வைத்துவிட்டு மறுநாள் அளந்தால் எண் மாறியிருக்கும், அந்த எண்ணைத்தான் நம்ப வேண்டும். முக்கியமாக, அளக்கிற ஆளை மாற்றக் கூடாது. நீங்கள் இழுக்கிற இழுப்பும் நான் இழுக்கிற இழுப்பும் வேறு. உங்கள் இழுப்பு எப்போதும் ஒரே மாதிரி இருந்தால் போதும், அதிலிருந்து வரும் வித்தியாசம் சரியாகவே இருக்கும்.

மண்ணில் காற்றழுத்தம் மிகக் குறைவு. இடது பின் டயரில் 10 பி.எஸ்.ஐ.க்கும் கீழே ஓட்டுவது சாதாரணம். அவ்வளவு குறைவில் டயர் ரிம்மைவிட்டுக் கழன்றுவிடாமல் இருக்க பீட்லாக் என்கிற வளையத்தைப் போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். அந்த அழுத்தத்தில் அரைப் புள்ளிகூடப் பெரிய மாற்றம் என்பதால் நல்ல கேஜ் ஒன்றை வைத்துக்கொண்டு அதை மட்டுமே பயன்படுத்துங்கள். இரண்டு கேஜ் வைத்திருக்கிறவனுக்கு இரண்டு உண்மை. ஓடஓடச் சூடேறி அழுத்தம் கூடும், ஆகவே நீண்ட பந்தயத்துக்குக் கொஞ்சம் குறைத்தே தொடங்குவார்கள்.

டயரில் கோடு வெட்டுவது, பளபளத்துப்போன ரப்பரைக் கிரைண்டரால் தேய்த்துப் புதுத் தோல் எடுப்பது இதெல்லாம் அடுத்தடுத்துக் கற்றுத்தருவார்கள். தேய்க்கும்போது முகமூடி போடுங்கள், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. டயரை மென்மையாக்க ரசாயனம் தடவலாம் என்று எவனாவது வந்து காதில் ஓதினால் நகர்ந்துவிடுங்கள். பந்தயம் முடிந்ததும் டயரில் ஒரு துண்டு வெட்டி ஆய்வகத்துக்கு அனுப்புகிற அமைப்புகள் உண்டு.

நான்கு தராசுகள்

வியாழன் இரவு காரை எடை போடுவார்கள். ஒவ்வொரு சக்கரத்துக்கும் அடியில் ஒரு தராசுத் தட்டு. தரை மட்டமாக இருக்க வேண்டும், டயரில் பந்தயக் காற்றழுத்தம் இருக்க வேண்டும், ஸ்டீயரிங் நேராக இருக்க வேண்டும், இருக்கையில் டிரைவரோ அவர் எடைக்கு ஈடான மூட்டையோ இருக்க வேண்டும், டேங்கில் எவ்வளவு பெட்ரோல் என்று தெரிந்திருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக இப்படி வருகிறது என்று வையுங்கள்: இடது முன் 560 பவுண்டு, வலது முன் 496, இடது பின் 712, வலது பின் 632. மொத்தம் 2400.

இந்த நான்கு எண்ணிலிருந்து மூன்று கணக்குகள். இடப்பக்க எடை 1272, அதாவது 53 சதவீதம். பின்பக்க எடை 1344, அது 56 சதவீதம். மூன்றாவது, இடது பின்னுக்கும் வலது பின்னுக்கும் உள்ள வித்தியாசம், இங்கே 80 பவுண்டு. மண் பாதைக்காரர்கள் இதை பைட் என்பார்கள். தார்ப்பாதைக்காரர்கள் வலது முன்னையும் இடது பின்னையும் கூட்டி, மொத்தத்தில் எத்தனை சதவீதம் என்று பார்த்து அதை கிராஸ் வெயிட் என்பார்கள்.

ஸ்பிரிங்கின் மேலுள்ள திருகைச் சுற்றி ஒரு மூலையை உயர்த்தினால் அந்த மூலையிலும் அதற்குக் குறுக்கே இருக்கிற மூலையிலும் எடை கூடும், மற்ற இரண்டிலும் குறையும். ஆனால் இடப்பக்கச் சதவீதமும் பின்பக்கச் சதவீதமும் அசையாது. அவற்றை மாற்ற வேண்டுமென்றால் எடைக்காக வைத்திருக்கும் ஈயக்கட்டியையோ பேட்டரியையோ இடம் மாற்றித்தான் ஆக வேண்டும். இது புரிய எனக்குப் பல வாரம் பிடித்தது. கல்லூரியில் ஸ்டாடிக்ஸ் என்கிற விசைச் சமநிலைப் பாடத்தில் வாங்கிய மதிப்பெண் அந்தக் கொட்டகையில் ஒன்றுக்கும் உதவவில்லை, திருகைச் சுற்றிவிட்டு எண்கள் நகர்வதைப் பார்த்தபோதுதான் உறைத்தது. நீங்களும் ஒரு மாலை அனுமதி கேட்டு, அரைச் சுற்றாகச் சுற்றி நான்கு எண்ணையும் எழுதிப் பாருங்கள். முடித்ததும் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிட வேண்டும், அது முக்கியம்.

ஈயக்கட்டி பற்றி இன்னும் ஒன்று: வெள்ளைப் பெயின்ட் அடித்துக் கார் எண்ணை அதில் எழுத வேண்டும் என்பது பல பாதைகளில் விதி. ஓடும்போது கழன்று விழுந்தால் யாருடையது என்று தெரிய வேண்டுமே.

பந்தய இரவு

வந்ததும் பதிவு, பிறகு டிரைவர் ஒரு பையிலிருந்து எண்ணிட்ட வில்லையை எடுப்பார். ஹீட் என்கிற முதல்சுற்றுப் பந்தயத்தில் எந்த இடத்தில் தொடங்குவது என்பது பல பாதைகளில் அதைப் பொறுத்தது. டிரைவர்கள் கூட்டத்தில் நீங்களும் பின்னால் நின்று கேளுங்கள். அன்றைக்கு மட்டும் மாறிய விதி ஒன்று கட்டாயம் இருக்கும். அதன்பின் ஹாட் லாப் என்கிற சோதனை ஓட்டம், நேர ஓட்டம், ஹீட், கடைசியாக ஃபீச்சர் என்கிற முக்கியப் பந்தயம்.

கார் ஒவ்வொரு முறை வெளியே போகுமுன்னும் உங்கள் வேலை ஒரே வரிசையில்: சக்கரத்தின் லக் நட், காற்றழுத்தம், பெட்ரோல், சுற்றுகளைக் கணக்கிட உதவும் டிரான்ஸ்பாண்டர், பானட் பின், பெல்ட். டிரான்ஸ்பாண்டர் இல்லாமல் போனால் ஓடிய சுற்று கணக்கில் வராது. சக்கரத்தின் வெளிப்புற மூடியை விட்டுவிடாதீர்கள். அது இல்லையென்றால் ரிம்முக்குள் மண் அப்பிக்கொண்டு கார் குதிரைபோல் உதறும்.

ஹெல்மெட் கண்ணாடியில் டேர்-ஆஃப் ஒட்டும் வேலையும் புதியவருக்குத்தான் வரும். மெல்லிய பிளாஸ்டிக் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிவைப்பார்கள். மண் தெறித்துக் கண் மறைந்ததும் டிரைவர் ஒன்றை இழுத்து எறிவார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு ஓரத்தை மட்டும் பிடியுங்கள். ஒரு கைரேகை போதும், விளக்கு வெளிச்சத்தில் அது பூதாகரமாகத் தெரியும். ஒவ்வொரு தாளின் நுனியையும் சிறிது மடித்துவிடுங்கள், கையுறை போட்ட விரல் அதைப் பிடிக்க வேண்டும். மேல்தாளின் நுனி வெளியே நீட்டிக்கொண்டு, அடுத்தது அதற்குள் ஒடுங்கி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரே இழுப்பில் நாலைந்து போய்விடும். பந்தயத்தின் பாதியில் டிரைவருக்குத் தாளே மிஞ்சாது.

இடைவேளைகளில் பாதையைப் பாருங்கள். மாலையில் தண்ணீர் லாரி ஓடி முடித்ததும் மண் ஈரமாக, ஒட்டும் பதத்தில் இருக்கும். காலணி அடியில் அப்பும். அப்போது கார்களுக்குப் பிடிப்பு அதிகம், வேகமும் அதிகம். இரவு ஏற ஏறக் காய்ந்து, டயர்கள் தேய்த்துத் தேய்த்து, ரெட் ஆக்ஸைடு போட்ட பழைய வீட்டுத் தரை மாதிரி பளபளக்கத் தொடங்கும். அங்கே பிடிப்பே இருக்காது. வெளியோரத்தில் உதிர்மண் குவிந்து ஒரு வரப்பு உருவாகும், சில டிரைவர்கள் வலது பின் டயரை அதில் சாய்த்து ஓட்டுவார்கள். ஏழு மணிக்குச் சரியாக இருந்த கார் பத்து மணிக்குச் சரியாக இருக்காது. உங்கள் நோட்டில் நேரத்தையும் மண்ணின் நிலையையும் எழுதினால்தான் மற்ற எண்களுக்கு மதிப்பு.

கார் திரும்பி வந்ததும் டிரைவரிடம் பாய்ந்து எதையும் கேட்காதீர்கள். ஹெல்மெட் கழன்று, தண்ணீர் குடித்து, பேச்சு தானாக வரட்டும். அவர் சொல்வது இரண்டில் ஒன்றாக இருக்கும். டைட் என்றால் முன்பக்கம் திரும்பாமல் நேரே போகிறது, லூஸ் என்றால் வால் வெளியே போகிறது. எங்கே என்பதுதான் முக்கியம்: திருப்பத்தில் நுழையும்போதா, நடுவிலா, வெளியேறும்போதா? அவர் சொன்ன சொல்லையே எழுதுங்கள், உங்கள் விளக்கத்தை எழுதாதீர்கள். நுழைவில் டைட்டாக இருந்து ஸ்டீயரிங்கை அதிகம் திருப்பி வைத்திருந்தால் வெளியேறும்போது சட்டென்று லூஸ் ஆகும். "லூஸ்" என்று மட்டும் எழுதிவைத்தால் குழுவை நடத்தும் குரூ சீஃப் வியாதியை விட்டுவிட்டு வேறெதற்கோ மருந்து கொடுப்பார். நீங்கள் உங்கள் பங்குக்கு டயரைப் படியுங்கள். ரப்பர் எந்த ஓரத்தில் உருண்டிருக்கிறது, எங்கே கொப்புளம், எங்கே தொடவே இல்லை என்று பாருங்கள். தார்ப்பாதைக் குழு என்றால் ஊசி முனை வெப்பமானியால் ஒவ்வொரு டயரிலும் உள்ளோரம், நடு, வெளியோரம் மூன்றையும் குறிக்கச் சொல்வார்கள். ஆறுவதற்குள் முடிக்க வேண்டும், எப்போதும் ஒரே சக்கரத்திலிருந்து தொடங்க வேண்டும். நடு அதிகம் சுட்டால் காற்று அதிகம், ஓரங்கள் சுட்டால் காற்று குறைவு.

மண் பாதை லேட் மாடல் பந்தயங்களில் பெரும்பாலும் டிரைவரோடு ரேடியோவில் பேச முடியாது. பந்தய அதிகாரி சொல்வது மட்டும் அவர் காதில் விழும். ஆகவே ஒருவர் திருப்பத்தின் உட்புறத்தில் இரண்டு குச்சிகளோடு நிற்பார். குச்சிகளை விரித்துப் பிடித்தால் பின்னால் வருகிறவன் தூரத்தில் இருக்கிறான், நெருக்கிப் பிடித்தால் முதுகில் இருக்கிறான். மேல்கோட்டில் போ, கீழ்க்கோட்டில் போ என்றும் காட்டலாம். புதியவருக்கு இதை உடனே கொடுக்க மாட்டார்கள். கொடுத்தால் இன்னொரு காரையோ சண்டையையோ வேடிக்கை பார்க்காதீர்கள், உங்கள் காருக்குப் பின்னால் வருகிற காரை மட்டும் பாருங்கள்.

பந்தயம் முடிந்த பின்

முதல் சில இடங்களுக்குள் வந்தால் கார் நேராக எடை மேடைக்குப் போகும். ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கிற ஆசையை அடக்கிக்கொண்டு தள்ளி நில்லுங்கள். சோதனை முடியுமுன் குழுவினர் காரைத் தொட்டால் தகுதி நீக்கம் செய்கிற பாதைகள் உண்டு. லேட் மாடலுக்குப் பல அமைப்புகளில் குறைந்தபட்ச எடை 2300 பவுண்டு. ஒரு கேலன் பெட்ரோல் ஆறு பவுண்டுக்கு மேல், எத்தனை சுற்றில் எவ்வளவு எரியும் என்று வியாழக்கிழமையே கணக்குப் போட்டிருக்க வேண்டும். ஒட்டிய மண் எடையைக் கூட்டுமே என்று நம்பி ஈயத்தைக் குறைக்கிறவர்கள் இருக்கிறார்கள். மண் வழியிலேயே உதிர்ந்துவிட்டால் பரிசும் உதிர்ந்துவிடும்.

டிரெய்லரில் ஏற்றும்போது கட்டும் பட்டைகளை அச்சில் கட்டுங்கள், ஸ்பிரிங்குக்கு மேலே சட்டத்தில் கட்டினால் சாலையின் ஒவ்வொரு குலுக்கலிலும் பட்டை தளரும். பீட்லாக் போல்ட்டுகளை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். டயர் எண்களை மட்டும் அந்த இரவே எழுதி முடித்துவிடுங்கள், காலையில் சாக்பீஸ் அழிந்திருக்கும்.

சேர நல்ல காலம் எது என்று கேட்டால் நவம்பர் என்பேன். பருவம் முடிந்ததும் காரை வெறும் சட்டம் வரைக்கும் பிரித்துவிடுவார்கள். குளிரில் உதவிக்கு ஆள் குறையும். எந்தக் குழாய் எங்கே போகிறது, எந்த இணைப்புத் தண்டு எதை இழுக்கிறது என்று நிதானமாகக் கேட்க அப்போதுதான் நேரம் கிடைக்கும். மார்ச்சில் போனால் எல்லோரும் ஓடிக்கொண்டிருப்பார்கள். கொட்டகையில் ஹீட்டர் இருக்கிறதா என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். எங்களுடையதில் இல்லை.